பறித்த கையோடு வெந்த சோளம்

மைசூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த விசாலாக்ஷிக்கு எதையும் ஏன் என்று கேட்காமல் விட முடியாது. எண்பதுகளின் நடுவில் ஒரு சோளக்கதிர் அவளைப் பிடித்துக்கொண்டது.

கூட வேலை பார்த்த பாப்பாத்தி ஹனூர்ப் பக்கத்துக்காரி. நஞ்சன்கூடு சாலையில் அவள் கணவனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வெளிநாட்டு உறவினர் ஒருவர் கொடுத்த இனிப்புச் சோள விதையை அங்கே போட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் வேகவைத்துக் கொடுத்த கதிரைக் கடித்ததும் விசாலாக்ஷி இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். அப்படி ஓர் இனிப்பு. ஒரு பை நிறைய வாங்கிவந்து மறுநாள் சாயங்காலம் அதே மாதிரி வேகவைத்தாள். சப்பென்று மாவாக இருந்தது. கணவர் பட்டாபிராமன் மிளகாய்ப்பொடி தூவிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

முதலில் உப்பைச் சந்தேகித்தாள். அடுத்த முறை உப்பில்லாமல் போட்டாள். தோல் மெத்தென்று வந்தது, இனிப்பு வரவில்லை. குக்கரில் வைத்தாள், குழைந்துபோயிற்று. இனிச் சந்தேகிக்க மிச்சம் தண்ணீர்தான். அவர்கள் வீட்டில் கிணறு, இங்கே குழாய். மறு ஞாயிறு பம்பு ஸ்டவ், பாத்திரம், ஒரு கேன் குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வாசலில் பாப்பாத்தி திகைத்து நின்றாள். "ஏனுங்க்கா, எங்கூட்டுல அடுப்பு தண்ணியெல்லாம் இல்லீன்னு நெனச்சுட்டீங்ளா?"

"கோச்சுக்காதே. இதெல்லாம் எங்காத்துச் சாமான். இதுல வெந்தும் இனிச்சா, தப்பு சாமான் மேல இல்லேன்னு ஆயிடும்."

அப்போதுதான் ஒடித்துவந்த கதிர் அதில் வெந்தும் இனித்தது. அதற்குள் பாப்பாத்திக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. மாட்டுக்கென்று முதல் நாளே ஒடித்துவைத்திருந்த கதிரில் ஒன்றை எடுத்துவந்து அதே தண்ணீரில் போடச் சொன்னாள். இருவரும் கடித்துப் பார்த்தார்கள். மாவு.

"அப்போ ஒடிச்சப்புறம் இனிப்பு எங்கே போறது?" என்றாள் விசாலாக்ஷி.

"செடியத்தான் கேக்கோணும்."

விசாலாக்ஷி செடியைக் கேட்கவில்லை. பெங்களூருக்கு அடிக்கடி டிரங்க் கால் போடும் விவசாயப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். லைன் கிடைக்கக் காத்திருந்த நேரத்தில் அவரிடம் கேட்டுவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பறித்ததிலிருந்தே சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும், வெயிலில் இன்னும் வேகமாக மாறும் என்றார்.

அந்த மழைக்காலத்தில் தன் வீட்டுக் கொல்லையிலேயே விதை போட்டாள். கதிர் முற்றுவதற்கு முன்பு, நகத்தால் கீறினால் பால் தெறிக்கும் பருவத்தில், முதலில் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். தளதளவென்று கொதித்ததும் குரல் கொடுப்பாள். பட்டாபிராமன் கதிரை ஒடித்து, நடந்துகொண்டே மட்டையை உரித்து வந்து போடுவார். மணி நிறம் கூடி மினுங்கியதும் எடுத்துவிட வேண்டியதுதான். உப்பும் வெண்ணெயும் பிறகு.

பக்கத்து வீட்டு மாதேவிக்குக் கதிர்களைக் கொடுத்தனுப்பினாள். அவள் விருந்தாளி வரட்டும் என்று இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் விசேஷமில்லையே என்றாள். அதன்பிறகு விசாலாக்ஷி யாருக்கும் கொடுத்தனுப்புவதில்லை. கொல்லைக்கே ஸ்டவ்வைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, எல்லோரையும் அங்கேயே வரச்சொல்லிவிடுவாள்.