ராணியின் மூக்குக்குச் சிவப்பு

லவீனியா டக்வெல் பத்தொன்பது வருஷமாகச் சிவப்பு மட்டுமே தீட்டி வந்தாள். லண்டனில், ஹோல்பர்ன் பக்கத்துப் பட்டறையில், நீண்ட மேசையைச் சுற்றி ஆறு பெண்கள், ஆளுக்கொரு நிறம். கறுப்புக் கோடுகளாக அச்சாகி வரும் கேலிப்படம் மஞ்சளில் தொடங்கிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் சிவப்புக்காக அவளிடம் வந்து நிற்கும். பழைய நாடகங்களின் அரசர்களும் காதலர்களும் பேய்களும் கோமாளிகளாகி, அவள் கையால்தான் கன்னம் சிவந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை வந்த படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோக நாடகத்து ராணி ஒருத்தி அகப்பையோடு அரசனைத் துரத்துகிறாள். கூரான முகவாய், அதில் மச்சம், நீண்ட மூக்கு எல்லாமே லவீனியாவுடையவை! படம் வரைந்த க்ரேல் வண்ணம் தீட்டிக் கொடுத்திருந்த மாதிரித் தாளில் மூக்கு நுனி பழுத்த பழம்போல் சிவந்திருந்தது. சளி பிடித்த குளிர்காலம் முழுக்க அவள் மூக்கு அப்படித்தான் இருக்கும்.

"அக்கா, உன் மூக்குக்கு நீயே சாயம் பூசணும். அதுவும் அறுநூறு தடவை!" என்று சிரித்தாள் பச்சை தீட்டும் டார்க்கஸ்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடி."

நாற்பத்தொரு வயதில் முதன்முறையாக ஒருவர் அவளைப் பெண் கேட்க வருகிறார். மனைவியை இழந்த மீன் கடைக்காரர் ஜேபஸ் ஹாக். ஞாயிறு மாலைத் தேநீருக்கு. எந்தக் கேலிப்படம் வந்தாலும் சனிக்கிழமையே வாங்கிக் கடைச் சுவரில் ஒட்டிவிடுகிற மனிதர். விலாங்கு மீன்களுக்கு மேலே இந்த மூக்கா? கடவுளே!

க்ரேல் வந்ததும் அவள் எழுந்து நின்றாள். "இதை மாத்துங்க ஐயா."

"கோடெல்லாம் அச்சாயாச்சும்மா. நாலு பேர் சிரிச்சா நீ என்ன தேஞ்சா போயிடுவே?"

"அப்ப சிவப்பை நீங்களே பூசிக்குங்க." தூரிகையை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

மற்ற ஐவரும் தங்களுக்குச் சிவப்பு வராது என்று தலையாட்டிவிட்டார்கள். க்ரேலே உட்கார்ந்தார். முதல் தாளில் சாயம் ராணியின் உதட்டுக்கு வழிந்தது. மூன்றாவது தாளில் அவள் யாரிடமோ குத்து வாங்கியவள்போல் இருந்தாள். சனிக்கிழமைக்குள் அறுநூறு தாள் கடைகளுக்குப் போயாக வேண்டும்.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினார்.

"மூக்கு வெறுமனே இருக்கட்டும். அந்தச் சிவப்பை ராஜாவோட கிருதாவுக்குப் பூசுறேன்."

க்ரேலின் கிருதா நல்ல செம்பட்டை. மேசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மாதிரித் தாளை மாற்றிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜேபஸ் அந்தப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வந்தார். அவர் அதை மேசைமேல் விரித்தார்.

"ராணி உங்க சாயல்தாங்க. அதுக்காகவே ரெண்டு வாங்கினேன். ஆனா எவனோ கூறுகெட்டவன் மூக்கை அப்படியே விட்டுட்டான். கொஞ்சம் சிவப்பு வெச்சிருந்தா உங்களை உரிச்சு வெச்ச மாதிரி இருந்திருக்கும்."

அத்தனை சண்டையும் இதற்குத்தானா? அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் லவீனியா அவரை முறைத்தாள்.

"அந்தக் கூறுகெட்ட ஆள் நான்தான்!"

தட்டில் இருந்த பீட்ரூட் ஊறுகாயில் விரலைத் தோய்த்து, ராணியின் மூக்கு நுனியில் அழுத்தமாக வைத்தாள். "போதுமா?"

"இப்பதான் கேக்கவே தைரியம் வருது," என்றார் ஜேபஸ்.

"அப்ப சட்டுன்னு கேளுங்க. டீ ஆறுது."