தாவூத் பாயும் விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடியும்

“மச்சி, தாவூத் பாய் போயிட்டார்டா” என்று நம் டுடோரியல் முரளி போன் செய்தபோது, “எங்கே, கிண்டி ரேசுக்கா?” என்று கேட்டேன். ஞாயிறு வந்தால் அவர் அங்கேதான் போவார். முரளி சிரிக்கவில்லை. நான் அடித்த ஜோக்குகளில் மட்டமானது அது. இல்லை, அதைவிட மட்டமானது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லஸ் பக்கம் நம் டுடோரியல் இருந்த கட்டடம் உங்களுக்குத் தெரியும். வக்கீல் பங்களாவாகப் பிறந்து, ஆஸ்பத்திரியாக வளர்ந்து, கடைசியில் கீழே கல்யாண மண்டபம், மேலே பரீட்சையில் கோட்டை விட்ட நாம். அதே தேக்குப் படிக்கட்டில் மாப்பிள்ளையும் ஏறுவார், மார்ச்சில் தோற்றவனும் ஏறுவான். கீழே கெட்டிமேளம், மேலே கெமிஸ்ட்ரி. மண்டபத்து மேனேஜர்தான் தாவூத் பாய். அழைப்பில்லாமல் பந்தியில் உட்கார்ந்த என்னை ஒருநாள் பிடித்தார். “பாயசம் ரெண்டாவது வாட்டி கேட்டியா நைனா? கேட்டாதான் சொந்தக்காரன்னு நம்புவாங்கோ” என்றார்.

பங்களாவை இடிக்க வேண்டும் என்று வக்கீலின் பேரன் கேஸ் போட்டார். ஹால் சுவரில் நீளமாக ஒரு விரிசல். கோர்ட் அனுப்பிய இன்ஜினியர் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஆறு மாதம் உடையாவிட்டால் கட்டடம் தப்பும். பாய் தினமும் காலையில் முதல் வேலையாக அதைத் தடவிப் பார்ப்பார். “ஷோக்கா கீது” என்பார்.

ஐந்து மாதம் ஓடியது. அவரைப் பதற வைத்துப் பார்க்க ஆசைப்பட்டு, விரிசல் போலத் தெரியட்டும் என்று கண்ணாடி மேல் என் தலைமுடி ஒன்றைக் கோந்தால் ஒட்டினேன். சரியாக ஒட்டவில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன். நிஜமாகவே விரிசல் விட்டது.

பாய் வந்து முடியை உரித்து எடுத்தார். என் தலையைப் பார்த்தார்.

“திங்கக்கெழம இன்ஜினியர் வர்றாரு. நீயே சொல்றியா நைனா?”

“சொல்றேன் பாய்.”

திங்கட்கிழமை நான் அந்தப் பக்கமே போகவில்லை.

“செவுரு நகரல சார், யாரோ கை பட்டுடுச்சு” என்றாராம் பாய். “யார் கை?” என்று கேட்டதற்குப் பேசாமல் நின்றாராம். கண்ணாடி உடைந்ததாகவே ரிப்போர்ட் போனது, இடிக்கலாம் என்று தீர்ப்பும் வந்தது. பாய் படிக்கட்டுக்கு அடியில் இருந்த தன் அறையைக் காலி செய்துவிட்டு, கோடம்பாக்கத்தில் மகள் வீட்டு வராந்தாவில் படுத்தார். அங்கேயே போனார்.

துக்கம் கேட்க வந்த இடத்தில் நீங்கள் பேசிக்கொண்டீர்கள்: “தொடைக்கிறேன்னு பாயே தட்டி ஒடச்சிருப்பாரு.” நானும் டீயைக் குடித்தபடி தலையாட்டினேன்.

அவர் உடைக்கவில்லை. சுவரும் நகரவில்லை. இடிக்க வந்தவர்கள் அந்த ஒரு சுவரை விழவைக்கவே மூன்று நாள் அடித்தார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது “நீயே சொல்றியா நைனா?” என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான். இதோ, உங்களிடம் பதில் சொல்லிவிட்டேன், எல்லாம் இடித்து முடித்த பிறகு.