ஏசையா கை வைக்காத பேலட்

இன்று காலை கவரப்பேட்டை டீக்கடையில் டீ வரவில்லை. புகைதான் வந்தது.

அடுப்பில் உடைத்துப் போட்டிருந்தது பேலட் பலகை. (தெரியாதவர்களுக்கு: கப்பலில் போகும் கனமான சரக்குக்கு அடியில் வைக்கிற மரத்தட்டு. அது உடைந்தால் மேலே இருப்பதெல்லாம் கீழே.)

பச்சை மரம். நுனியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. எரியக்கூட லாயக்கில்லாத இந்த மரத்தின் மேல் எவனோ டன் கணக்கில் சரக்கு ஏற்றியிருக்கிறான்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. (புகை அல்ல, கோபம்.)

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்பு வார்ப்படப் பட்டறையில் நான் பேலட் மேஸ்திரி. படிப்பு ஆறாவது. (ஏழாவதுக்கும் போனேன். வாத்தியாருக்குத்தான் இஷ்டமில்லை.)

ஆனால் மரம் என்று வந்தால் எந்த இன்ஜினீயரும் என் பக்கத்தில் நிற்க முடியாது.

ஒரே அளவுப் பலகை இரண்டைக் கையில் தூக்குவேன். கனமானதில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். தரையில் போட்டால் காய்ந்தது ‘டங்’ என்னும், ஈரமானது ‘தொப்’ என்னும். நடுவில் பெரிய கணு இருந்தால் தள்ளு. ஓரம் மாவாக உதிர்ந்தால் பூச்சி, அதையும் தள்ளு.

சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். எந்த ஊர் ஏரிக்கரையில் வெட்டியது என்பது வரை சொல்லிவிடுவேன். திருப்பாச்சூர் மாமரம் லேசாகப் புளிக்கும்.

தேறிய பேலட்டில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன்.

அந்த வட்டம் ஏசையாவுக்காக. செயின் போட்டுச் சரக்கைத் தூக்கும்போது, பேலட்டுக்கு அடியில் கைவிட்டு முட்டுக்கட்டை செருகுகிறவன் அவன். எழுத்து தெரியாது. என் வட்டம் தெரியும்.

“அண்ணாத்தே, நீ வட்டம் போட்டா கண்ண மூடிக்கினு கை வுடுவேன். இல்லாங்காட்டி ஃபாதரே வந்து சொன்னாலும் வுட மாட்டேன்” என்பான்.

இருந்தது இரண்டு கை. அதை நம்பி வீட்டில் ஐந்து பேர்.

ஒரு மார்கழியில் லாரி நிறையப் பலகை வந்தது. எல்லாம் ‘தொப்’. அனுப்பிய மண்டிக்காரர் எங்கள் ஸ்டோர் ஆபீசரின் மச்சான்.

“சார், ஆணி அடிச்சா தண்ணி வருது சார்.”

“மரம்னா கொஞ்சம் ஈரம் இருக்கத்தான்யா செய்யும். காஞ்சிடும். இன்னாத்துக்கு பேஜார் பண்ற?”

“அது காஞ்சாத்தான் சார் வம்பே. மரம் சுருங்கும், ஆணி புடிமானம் வுட்டுடும். தூக்கும்போது அவ்ளோ இரும்பும் ஏசையா கையிலதான் வுழும்.”

“நீ மேஸ்திரியா, ஜோசியக்காரனா? அட்சி வையி.”

அடித்தோம். வேறு வழியில்லை. வட்டம் மட்டும் போடவில்லை.

கப்பல் தள்ளித் தள்ளிப் போய் மாசி வந்துவிட்டது. வெயிலில் காய்ந்த பேலட்டில் ஆணித்தலைகள் எல்லாம் பல் மாதிரி எழும்பி நின்றன. சரக்கு ஏற்றும் நாளன்று காலையிலேயே ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, அவசரமாகத் திருவள்ளூர் போய் ஆணி வாங்கி வரச் சொன்னார்.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. ஸ்டோரில் ஒரு மூட்டை ஆணி அப்படியே இருக்கிறது.

சைக்கிளைத் திருப்பினேன். அன்று நான் மிதித்த மிதிக்கு எதிரே வந்த பஸ் டிரைவர் ஒதுங்கி வழிவிட்டார். (நம்பாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், சைக்கிள் இன்னும் இருக்கிறது.)

கேட்டுக்குள் நுழையும்போது சரக்கு ஒரு முழம் உயரத்தில் தொங்குகிறது. எழும்பிய ஆணிகளைத் தட்டி அமுக்கியிருந்தார்கள். பக்கவாட்டுப் பலகையில் வெள்ளையாக ஒரு வட்டம்.

“பாருடா, மேஸ்திரியே வட்டம் போட்டுட்டுப் போயிருக்கான். கை வுடு” என்கிறார் ஆபீசர்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், மிதித்து வந்த இரைப்பில் வெறும் காற்றுதான் வந்தது. ஏசையா குனிந்தான். கை பாதி உள்ளே போனது. நின்றது.

“சார், இது அண்ணாத்த போட்ட வட்டம் இல்ல.”

“வட்டத்துல இன்னாடா அண்ணாத்த வட்டம், தம்பி வட்டம்?”

“அண்ணாத்த போட்டா நசுங்குன இட்லி மாதிரி இருக்கும் சார். இது சொம்மா ரவுண்டா கீது. யாரோ படிச்சவங்க போட்டது.”

சொல்லிக்கொண்டே கையை வெளியே எடுத்தான். மூக்கைத் துடைக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஆணிகள் கழன்று, பலகை நடுவில் பிளந்து, அத்தனை இரும்பும் தரையில் இறங்கியது.

சோழவரத்தில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், டயர் வெடித்துவிட்டது என்று காரை நிறுத்திவிட்டானாம். அவ்வளவு சத்தம்.

முதலாளி ஓடிவந்தார். ஆபீசர் கொஞ்சமும் கூசாமல், “மேஸ்திரி பாத்து வட்டம் போட்ட மரம்தான் சார்” என்றார்.

மரம் மோசம் என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. எழுத்துத் தெரியாத ஒருவன் என்னை நம்பி வைத்திருந்த ஒரே அடையாளத்தைத் திருடி, இந்த ஆபீசர் அவன் கைக்கே பொறி வைத்திருக்கிறான். அந்தக் கோபம் இன்றைக்கும் இறங்கவில்லை.

சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டேன். வழக்கம் போல நசுங்கிய இட்லி. சாக்பீஸை ஆபீசரிடம் நீட்டினேன்.

“இப்போ நீங்க ஒண்ணு போடுங்க சார்.”

பேன்ட் பாக்கெட்டில் விட்ட கையை அவர் வெளியே எடுக்கவே இல்லை. பாக்கெட் ஓரத்தில் வெள்ளைப் பொடி. முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து ஸ்டோரில் வேறு ஆபீசர்.

இன்று அந்த அடுப்பிலிருந்து பலகையை உருவிப் பார்த்தேன். (கை சுட்டது, போகட்டும்.) கரியைத் துடைத்தால் உள்ளே தர முத்திரை. நல்ல உருண்டையான வட்டம், கோணலே இல்லை.

பேலட் தூக்குகிற வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உங்கள் பேலட்டில் முத்திரை போட்டவன், ஒரு தடவையாவது அதற்கு அடியில் கைவிட்டிருக்கிறானா?