மிச்சமிருந்த இழுப்புகள்

என் வீட்டுக்காரர் துபாய் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது, சிகரெட்டையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். விட்டது உண்மைதான். அதற்குப் பதிலாகச் சட்டைப்பையில் வேப் என்கிற மின்சிகரெட் வந்திருந்தது. இங்கே அதற்குத் தடை என்பதால், ஊற்றிக்கொள்ளும் திரவத்தைப் பேரீச்சம்பழப் பெட்டிகளுக்கு நடுவே பதுக்கிக் கொண்டுவந்திருந்தார். விதைநெல் கொண்டுவந்த மாதிரிப் பெருமை வேறு.

நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. தஞ்சாவூரில் டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, நுரையீரல் கெட்டுக்கொண்டு வருகிறது, இனி எந்தப் புகையும் கூடாது என்றார். இத்தனை வருஷம் போனிலேயே குடும்பம் நடத்திவிட்டு, இப்போதுதான் ஒரே வீட்டில் இருக்கிறோம். இவரை இழந்துவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வெளியே வந்ததும் அவர் அந்தக் கருவியை எடுத்துக் காட்டினார். அன்றைக்கு எத்தனை தடவை இழுத்தார் என்று அதன் சின்னத் திரையில் எண் தெரிந்தது.

“ஒரேயடியா விட முடியாது. ஒரு நாளைக்கு நூறுன்னு வச்சுக்கறேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சிக்கறேன். நீயே பாத்துக்க, இது பொய் சொல்லாது” என்றார்.

நானும் நம்பினேன். மனுஷன் பேச்சைவிட மெஷின் பேச்சுக்கு மதிப்பு கூடிவிட்ட காலம்தானே. ராத்திரி தட்டு வைக்கும்போது திரையைப் பார்ப்பேன். நூறைத் தாண்டியதே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் வயலில் மோட்டார் கொட்டகைப் பக்கம் போனேன். சுவரில் சாய்ந்தபடி விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது, வாயிலேர்ந்து எடுக்கவே மாட்டீங்களா?”

“இன்னிக்கு இன்னும் இருபது பாக்கி இருக்கு. விட்டா நாளைக்குச் சேராதுல்ல.”

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எங்கள் பக்கம் ஆற்றுத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். நம் வாய்க்காலுக்கு முறை வந்துவிட்டால், வயல் நிறைந்து கிடந்தாலும் மடையைத் திறந்துவிடுவோம். விட்டால் அடுத்த முறை எப்போதோ என்ற பயம். புகையையும் இவர் அப்படித்தான் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வேண்டும்போது இழுத்த மனுஷன், இப்போது வேண்டாதபோதும் இழுத்தார்.

சண்டை போட்டு அந்த நூறை ஐம்பதாக்க வைத்தேன். எண்ணும் சொன்னபடி ஐம்பதில் நின்றது. ஆனால் பெட்டியிலிருந்த திரவம் மட்டும் பழைய வேகத்திலேயே தீர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு இழுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு, இளநீரின் கடைசிச் சொட்டை உறிஞ்சுகிற மாதிரி நீட்டி நீட்டி இழுத்தார். எத்தனை தடவை என்பதுதான் அந்தத் திரைக்குத் தெரியும். எவ்வளவு உள்ளே போயிற்று என்று அது எங்கே கண்டது? சொல்லிப் பார்த்தேன். “நம்பர் பாதியாயிருக்குல்ல” என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

ஐப்பசி மழையில் மறுபடியும் தஞ்சாவூர் போனோம். உட்கார்ந்ததும் டாக்டரிடம் திரையை நீட்டினார். டாக்டர் அதைப் பார்க்காமல் குழாயை எடுத்துக் கொடுத்தார். இவர் ஊதினார். ஊதி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

“போன தடவைக்கு இப்ப மோசமா இருக்குங்க” என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் மழைக்காக ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்தார்கள். திட்டுவதற்கு நான் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஊர் நெருங்கும்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

“கணக்கு சரியாத்தானே வச்சிருந்தேன்?”

என்னை ஏமாற்றியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவர் ஏமாற்றவில்லை. தனக்குக் குணமாகிக்கொண்டு வருகிறது என்றே இத்தனை நாளும் நம்பியிருக்கிறார். அவருடைய முகத்தில் பயத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“சரியாத்தாங்க வச்சிருந்தீங்க” என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.