ஷெட்டில் நின்ற பாட்டு

நான் கோபக்காரன். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை. எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து ஒரு வார ஊழியத்துக்கு நேபாளம் போகும் குழுவில் என்னையும் சேர்த்ததும் சந்தோஷத்தில் தூக்கம் போய்விட்டது. ஸ்வெட்டர் வாங்கினேன். நேபாளிப் பாட்டு ஒன்றை மனப்பாடம் செய்தேன். அந்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் தங்கியிருந்த நேபாளித் தொழிலாளிகள் போனில் சத்தமாகப் பாட்டு வைத்தார்கள். போய்க் கத்திவிட்டு வந்தேன்.

"அவங்க பாஷையில பாட்டு கத்துக்கினு அவங்களையே திட்டுறியே, இன்னா ஊழியக்காரன்யா நீ?" என்று மனைவி சிரித்தாள்.

"உன் வேலையப் பாருடி" என்றேன்.

நேபாளத்தில் ஒரு மலைக் கிராமத்துச் சபையில் பாடி முடித்தோம். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஓர் அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். சென்னை ஓட்டலில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் தமிழில் சொன்னார்: "இவங்க புள்ள உங்க ஊரு கம்பெனியிலதான் கீறானாம். ஒழுங்கா துன்றானான்னு கேக்கறாங்க."

எனக்கென்ன தெரியும்? பக்கத்து ஷெட்டில் ஒருவன் பெயர்கூடத் தெரியாது.

"நல்லா சாப்பிடறான்மா" என்று புளுகினேன். அவர் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் பையை இறக்காமல் அந்த ஷெட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவசரமாகப் பாட்டை நிறுத்தினார்கள்.

"சாப்டீங்களாப்பா?" என்று கேட்டேன். திட்டப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். அன்று எனக்கு என் மேலேயே வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.