பதுங்குகுழிக்குள் ஜெனரேற்றர்

அந்த வீடியோவை எடுப்பது தில்லைநாதனுக்கு விளையாட்டுக் காரியமில்லை. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து விசுவமடுவில் கொட்டில் போட்டிருந்த காலம். கல்யாண வீடுகளில் கிற்றார் வாசித்த மனிதன், கழித்துவிட்ட ரேடியோச் சாமான்களைப் பொறுக்கி, கிற்றாருக்கென்று ஓர் அம்பிளிபயர் செய்து வைத்திருந்தான். சும்மா சொல்லக்கூடாது, அருமையான சாமான். வவுனியாவில் இசைக்குழு நடத்திய மாஸ்டர் ஒருவருக்கு அந்தக் கதை எட்டியது.

"கசெற்றில அனுப்பினால் ஆருடைய வாசிப்போ, எந்த அம்பிளிபயரோ, ஆர் கண்டது? கையும் தெரியவேணும், சத்தமும் துலக்கமாக் கேக்கவேணும். வீடியோ எடுத்து அனுப்பு. பிடிச்சால் குழுவில சேத்து, குடும்பத்துக்கும் நானே பொறுப்பு நிக்கிறன்" என்று அவர் ஆள்மூலம் சொல்லியனுப்பினார். பொறுப்பு நிற்க ஆளில்லாமல் வவுனியாவில் ஆமிக்காரர் தங்க விடமாட்டார்கள். மனைவி கமலாசனியையும் ஐந்து வயது சுரேகாவையும் குண்டு விழாத ஊருக்குக் கொண்டுபோக அவனுக்கிருந்தது அந்த ஒரு வழிதான்.

கல்யாண வீடியோ எடுக்கிற அப்புத்துரை, கமராவோடும் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரோடும் வந்தார். கரண்ட் இல்லாத ஊரில் அம்பிளிபயர் வேறெப்படி வேலை செய்யும்? ஆனால் அந்தச் சனியன் போட்ட இரைச்சலில் கிற்றார் இருந்த இடமே தெரியவில்லை. சாக்குப் போட்டு மூடினார்கள், வேலிக்கு அப்பால் தள்ளினார்கள். ஒன்றும் சரிவரவில்லை. வயர் அதற்குமேல் எட்டவுமில்லை.

அப்புத்துரை முற்றத்துப் பதுங்குகுழியைக் காட்டினார். "தில்லை, அதுக்குள்ள இறக்கினால் என்ன?"

கமலாசனிக்கு முகம் கறுத்தது. "அப்ப நாங்கள்?"

"ஒரு பாட்டுத்தானே, கமலா" என்றான் தில்லைநாதன்.

இறக்கினார்கள். பிறகு கேட்க வேண்டுமே அந்தச் சத்தத்தை! கழுவித் துடைத்ததுபோல ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். வவுனியாவில் மாஸ்டர் தலையாட்டுவதாகவே அவனுக்குப் பட்டது.

பாதிப் பாட்டில் கிபிர் வந்தது. குண்டு போட வருகிற விமானம் சொல்லிக்கொண்டா வரும்? அயல் முழுக்கக் குழிகளுக்குள் பாய்ந்தது. கமலாசனியும் பிள்ளையை அள்ளிக்கொண்டு குழிவாசலுக்கு ஓடினாள். உள்ளேயிருந்து கரும்புகை எழும்பி முகத்தில் அடித்தது. தில்லைநாதன் கிற்றாரை எறிந்துவிட்டு இறங்கி ஜெனரேற்றரைப் பிடித்து இழுத்தான். கை வெந்ததுதான் மிச்சம். மூச்சு முட்டி வெளியே வந்து விழுந்தான். கமலாசனி வெறும் முற்றத்தில், பிள்ளையின் மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

"அப்பா, எங்கட பங்கருக்க ஏன் போகேலாது?" என்று சுரேகா அடியில் கிடந்து கேட்டாள்.

அவனும் போய் அவர்கள்மேல் கவிழ்ந்தான். வேறென்ன செய்வான், பாவி?

குண்டு அடுத்த குறிச்சியில் விழுந்தது. இவர்கள் தப்பினார்கள். ஆனால் அதன்பிறகு கமலாசனி அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்புத்துரை, கிபிர் இரையத் தொடங்கிய இடத்துக்கு முன்னால் வெட்டி, நல்ல பாதியை மட்டும் வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

மறுமொழி கொண்டுவந்தவர் முற்றத்தில் சைக்கிளை நிறுத்திச் சந்தோசமாகச் சொன்னார். "மாஸ்டருக்கு நல்லாப் பிடிச்சிட்டுதாம். இப்பிடித் துப்புரவான சத்தம் கொழும்பிலயும் எடுக்கேலாதாம். பாட்டுத்தான் பாதியில நிக்குதாம். அதே சத்தத்தோட முழுசா ஒருக்கா எடுத்து அனுப்பட்டாம். உடன பொறுப்பு நிக்கிறாராம்."

வானத்தில் காகம்கூட இல்லாத அந்தப் பகலில், கமலாசனி சுரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதுங்குகுழிக்குள் இறங்கி இருந்துவிட்டாள்.

தில்லைநாதன் குழிவாசலில் குந்தினான். அவனுக்கு அழுகை வந்தது. "கமலா, வெளியில வாவன்."

"நீங்கள் எடுங்கோ" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "நாங்கள் இதுக்குள்ளதான் இருப்பம்."