இடம் இல்லையென்று அழித்தவை

ஒரு பெண்ணுக்கு வேலை போகும்படி நான் ஒரு பொய் சொன்னேன். கேட்டவர்கள் நம்பினார்கள். நான் வயதில் மூத்தவன், படித்தவன், கணினி அறையின் சாவி என்னிடம் இருந்தது. நம்புவதற்கு அவ்வளவு போதுமாக இருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பல முறை முயன்றிருக்கிறேன். அதுவும் அலுத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வேலூரில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் உட்கார மனமில்லாமல் சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையில் சேர்ந்தேன். புத்தலப்பட்டு போகும் சாலையில் இருந்தது ஆலை. லினக்ஸில் ஓடும் ஒரே ஒரு சர்வர். எடை மேடை, வாசல் பதிவு, சம்பளம் எல்லாம் அதில்தான். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம் மிகப் பழையது. அதன் வெப்பத்தைக் கணினிக்கு அனுப்ப வழியில்லை. கடிகாரம்போல ஒரு டயல், அதில் ஒரு முள், அவ்வளவுதான். கூழை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வெப்பத்துக்கு ஆதாரம் கேட்டதால், டயலுக்கு எதிரே ஒரு சின்னக் கேமராவைக் கம்பியால் கட்டிவைத்தோம். ஒவ்வொரு நிமிடமும் அது முள்ளைப் படம் பிடித்து சர்வருக்கு அனுப்பும். ஷிப்டு தொடங்கும்போது அதைப் போட்டுவிடுவது ஆய்வகத்தில் இருப்பவரின் பொறுப்பு. வாரம் ஒருமுறை அந்தப் படங்களை வேறு ஒரு வட்டுக்கு நகல் எடுத்துவைப்பது என் பொறுப்பு. மாம்பழக் காலம் தொடங்கியதும் நான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆய்வகத்தில் இருந்தவள் நகரியிலிருந்து வந்துபோகும் பெண். விசைத்தறிக் குடும்பம். பி.எஸ்ஸி. முடித்தவள். அந்த வீட்டில் தறியைவிட்டு வெளியே வேலைக்கு வந்த முதல் ஆள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் தெலுங்கில் கேலி செய்தால் தெலுங்கிலேயே திருப்பிக் கொடுப்பாள்.

தோத்தாபுரி மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஒரு பகலில் எடை மேடை நின்றுபோனது. சீட்டு அச்சாகவில்லை. போய்ப் பார்த்தேன். சர்வரில் எழுத இடமில்லை. நூற்றுக்கு நூறும் நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் வட்டின் ஒரே பகுதியில் அடைத்துவைத்தது என் ஏற்பாடுதான். காரணமும் உடனே தெரிந்தது. எடை மேடை நிரலில் ஒரு கோளாறைக் கண்டுபிடிப்பதற்காக, அது தன் ஒவ்வோர் அசைவையும் குறித்துவைக்கும்படி முன்பொருநாள் மாற்றியிருந்தேன். திரும்பப் பழையபடி வைக்க மறந்துவிட்டேன். அந்த ஒரு குறிப்புக் கோப்பு ஊதிப் பெருத்து மொத்த இடத்தையும் தின்றிருந்தது.

வெளியே டிராக்டர்களும் லாரிகளும் சாலைவரை நின்றன. வெயிலில் காய் சூடேறினால் கெட்டுவிடும். ஓட்டுநர்கள் கணினி அறை வாசலுக்கே வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு வயிறு ரொம்பிப்போச்சாம், அதனால் நம் காய் அதற்கு வேண்டாமாம் என்று ஒருவர் தெலுங்கில் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

அந்தக் கோப்பை அழித்தேன். திரும்பப் பார்த்தேன். அப்போதும் நூற்றுக்கு நூறு.

இந்த இடத்தைத்தான் நான் எத்தனையோ மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் பிடியை விடாதவரை அந்த இடம் திரும்பக் கிடைக்காது. பெயர் மட்டும் போய்விடும், பாரம் அப்படியே இருக்கும். நிரலை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும். தேர்வில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, முதுகுக்குப் பின்னால் மேலாளரின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அடுத்துப் பெரியதாக என்ன இருக்கிறது என்று தேடினேன். டயல் படங்கள் இருந்த கோப்புறை. மொத்தமாக அழித்தேன். கொஞ்சம் இடம் கிடைத்தது. எடை மேடை ஓடியது. லாரிகள் நகர்ந்தன. மேலாளர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாலையில் கூட்டம் குறைந்த பிறகு வேறொரு காரணத்துக்காக நிரலை நிறுத்தித் தொடங்கினேன். வட்டில் பாதிக்குமேல் காலியாகிவிட்டது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு படத்தைக்கூட அழித்திருக்க வேண்டியதில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்துக் கேட்டார்கள். கடல் தாண்டிப் போன சரக்கில் சில டிரம்களுக்குள் இருந்த பைகள் உப்பிவிட்டன. கூழ் புளித்துப்போயிருந்தது. அவை நான் படங்களை அழிப்பதற்குச் சில நாள் முன்பு அந்தப் பெண்ணின் ஷிப்டில் நிரப்பப்பட்டவை. வெப்பம் குறைந்ததைக் கவனிக்காமல் அவள் தூங்கியிருக்க வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. முதலாளியின் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அவள் பதற்றமில்லாமல்தான் நின்றாள். டயல் படத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அந்த ஷிப்டுக்குப் படமே வரவில்லை, கேமராவைப் போட்டிருக்கமாட்டார்கள் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "போட்டேன் சார். செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துச்சு. அன்னிக்கு நீங்ககூட அந்தப் பக்கம் வந்து பார்த்துட்டுப் போனீங்க."

பார்த்தது உண்மை. நன்றாக நினைவிருந்தது. "எனக்கு ஞாபகம் இல்லைம்மா" என்றேன்.

அதே நாளின் மற்ற ஷிப்டுகளின் படங்கள் இருக்கின்றனவா என்று அந்த அறையில் ஒருவர் கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். அனுபவச் சான்றிதழும் கொடுக்கவில்லை.

அவள் தூங்கினாளா, வெப்பம் குறைந்ததா, அல்லது பை ஒட்டியதில்தான் குறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை அழித்தவன் நான். சில வருடம் கழித்து ஆலையை விட்டு நின்றபோது சர்வரின் பழைய வட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் வைத்து, அழிந்த படங்களை மீட்க முடியுமா என்று பார்த்தேன். அவற்றின் மேல் எடைச் சீட்டும் சம்பளக் கணக்கும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன. ஒரே ஒரு படம் பாதி கிடைத்தது. டயலின் மேல்பாதி. முள் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவளைத் தேடினேன். சந்திரகிரிக்கு அருகே ஒரு பால் பண்ணையில் பாக்கெட் அடுக்கும் பிரிவில் இருப்பதாகப் பழைய வாசல் காவலர் சொன்னார். திருப்பதி பஸ்ஸில் ஏறிச் சந்திரகிரியில் இறங்கி, அவள் ஷிப்டு முடியும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

முடித்ததும், "நீங்க பொய் சொல்றீங்கன்னு அன்னிக்கே தெரியும் சார்" என்றாள். "ஏன்னுதான் தெரியல. இந்த ஆளுக்கு நாம என்ன பண்ணோம்னு ரொம்ப நாளு யோசிச்சிக்கினே இருந்தேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எடம் இல்லன்னு அழிச்சீங்களா? அவ்ளோதானா?" சிரித்தாள். "வேற ஏதோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவள் அப்பாவும் ஆலையின் பேச்சைத்தான் நம்பினாராம். "எங்க நைனா தறிக்காரரு. மெசினு ஓடச்சொல்லோ தூங்கனவன்னு இன்னிக்கும் என்னைக் குத்திக் காட்டிக்கினே கீறாரு. அவரை விடுங்க. அது ஒண்ணும் மாறாது. எனக்கு அந்த சர்ட்டிபிகேட்டு வேணும். அது இல்லாம லேபுல சேத்துக்கமாட்டேங்கறாங்க. வாங்கித் தர முடியுமா?"

மறுநாளே ஆலைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எழுதியும் கொடுத்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சரக்கு விவகாரம் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று தெலுங்கில் சொன்னார். இத்தனை நாள் கழித்து இது எதற்கு, வயதாகிவிட்டது, திருமலைக்குப் போய் ஒரு மொட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், மனசு சரியாகிவிடும் என்றார். நான் எழுதிக் கொடுத்ததை மடித்து மேசையில் ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியின் காலுக்கு அடியில் வைத்தார். சான்றிதழ் கேட்டேன். அது கொடுப்பதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார்.

ஒரு நிமிடத்தில், தலையை ஆட்டியபடியே அவர் போட்ட இந்தக் கையெழுத்துதான் இத்தனை வருடமாக அவளுக்குக் கிடைக்காமல் இருந்தது.

சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துக்கு எழுத்து படித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். பால் பண்ணையின் ஆய்வகத்திலேயே எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு ஒருநாள் அவளே போனில் சொன்னாள். அவளோடு படித்தவர்கள் இப்போது வேறு இடங்களில் ஆய்வகத்துக்கே தலைமை ஏற்றிருக்கிறார்கள். இவள் கற்றுக்கொள்பவளாகச் சேர்ந்திருக்கிறாள். அங்கே புது இயந்திரம், எல்லா வெப்பமும் தானாகவே கணினியில் ஏறிவிடும் என்றாள். ஆனாலும் ஒவ்வொரு ஷிப்டிலும் தன் போனால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறாளாம். கூட இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்களாம்.

"போன்ல எடமே இல்ல சார். அடிக்கடி நின்னுபூடுது. ஆனா நான் ஒண்ணுத்தையும் அழிக்கறதில்ல."

இனிமேல் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றும் அப்போது சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

எனக்கு அதோடு விடத் தெரியவில்லை. சித்தூர் கடைத்தெருவில் அவள் போனில் பொருந்தக்கூடிய பெரிய மெமரி கார்டு ஒன்றை வாங்கி, பால் பண்ணை முகவரிக்கு அனுப்பினேன். கூடக் கடிதம் எதுவும் வைக்கவில்லை. சில நாளில் அந்தப் பொட்டலம் திரும்பி வந்தது. நான் ஒட்டிய நாடா பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. என் முகவரியை மட்டும் அவள் கையெழுத்தில் எழுதியிருந்தாள்.